பப்புள் டிப் அனிமோனோடு சேரும் கிளவுன் மீனைப் பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இது: கடல்நீர்த் தொட்டி 150 லிட்டர், ஒரு வருடமாக ஓடுகிறது. பப்புள் டிப் அனிமோன் (பாறையில் ஒட்டி, கொட்டும் விரல்களோடு வாழும் கடல் உயிரி) ஒன்று இரண்டு மாதமாக ஒரே பாறை இடுக்கில் நிலையாக நிற்கிறது. வேறு மீன் என்றால் இரண்டு சிறிய கோபி மட்டும். இந்த அனிமோனுக்குள் போய்த் தங்கக்கூடிய கிளவுன் மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒன்று வாங்குவதா, இரண்டா?

முதலில் இனத்தைப் பாருங்கள். அடுத்து உடம்பின் அளவு. அதன்பின் கையில் வரப்போகும் அந்த ஒரு மீனின் ஆரோக்கியம். நிறமும் கோடுகளின் அழகும் கடைசியில் வரட்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; நிறத்தில் மயங்கி வாங்கிவிட்டு, மூன்று மாதமாகியும் மீன் அனிமோன் பக்கமே போகவில்லையே என்று கவலைப்படுகிறார்கள்.

கிளவுன் மீன்களில் ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. அனிமோன்கள் ஆயிரம் இனங்களுக்கு மேல் இருந்தாலும், இயற்கையில் இந்த மீன்களுக்கு வீடு கொடுப்பவை 10 இனங்கள்தான். அதிலும் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. சில இனங்கள் ஒரே ஒரு அனிமோனை மட்டுமே ஏற்கும். சில பலவற்றை ஏற்கும். உங்களிடம் இருக்கும் பப்புள் டிப், அதாவது என்டக்மேயா குவாட்ரிகலர், இந்தப் பத்தில் மிக அதிகமான கிளவுன் இனங்களை ஏற்கும் ஒன்று. தொட்டியில் வளர்ப்பதற்கும் மற்றவற்றைவிட எளிது. அந்த வகையில் தொடக்கம் நல்ல தொடக்கம்.

பப்புள் டிப்போடு இயற்கையிலேயே வாழும் மீன்கள் என்று பார்த்தால் மெரூன், டொமேட்டோ, சின்னமன், கிளார்க்கி ஆகிய நான்கும் கடைகளில் கிடைப்பவை. இவற்றில் மெரூனுக்கு இயற்கையில் பப்புள் டிப்பைத் தவிர வேறு வீடே கிடையாது. தொட்டியில் விட்ட சில நிமிடங்களிலேயே அனிமோனுக்குள் பாய்ந்துவிடும் மெரூன்கள் ஏராளம். ஆனால் பெண் மெரூன் 15 சென்டிமீட்டர் வரை வளரும். கன்னத்தில் முள் உண்டு. அனிமோன் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கம் வரும் எதையும் விரட்டும், உங்கள் கை உட்பட. 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில், அதுவும் கோபி போன்ற சாதுவான மீன்கள் இருக்கும்போது, மெரூன் வேண்டாம் என்பதே என் கருத்து.

கிளார்க்கி பத்து அனிமோன்களிலும் வாழக்கூடிய ஒரே இனம். "எப்படியாவது சேர வேண்டும்" என்பது மட்டுமே குறி என்றால் அதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை. இதுவும் பெரிதாக வளரும், வளர்ந்தபின் அதட்டல் அதிகம். சின்னமனும் குணத்தில் கிட்டத்தட்ட அப்படியே. டொமேட்டோ 12 சென்டிமீட்டர் தாண்டும், ஆனால் முரட்டு உடம்பு, தீனியில் பிடிவாதம் இல்லை, பப்புள் டிப்பைக் கண்டால் தயங்குவது குறைவு. டொமேட்டோ குஞ்சு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வளர்ந்த மீனுக்குத் தலையருகே ஒரே ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கும், குஞ்சுகளுக்கு இரண்டு அல்லது மூன்று இருக்கும். அதனால் வேறு இனம் என்று நினைத்து வாங்கிவிடுபவர்களும் உண்டு, வேறு பெயரில் விற்பவர்களும் உண்டு.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் ஓசிலாரிஸ். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை உள்ள இந்த மீனும், இதன் நெருங்கிய உறவான பெர்க்குலாவும் இயற்கையில் பப்புள் டிப்பில் வாழ்பவை அல்ல. ஓசிலாரிஸின் இயற்கை வீடுகள் மேக்னிஃபிகா, ஜைகான்டியா கார்ப்பெட், மெர்டென்சி கார்ப்பெட் ஆகிய மூன்று அனிமோன்கள். பெர்க்குலாவுக்கு மேக்னிஃபிகா, ஜைகான்டியா, கிரிஸ்பா. இருந்தும் தொட்டிகளில் ஓசிலாரிஸ் பப்புள் டிப்போடு சேர்வது அன்றாடம் நடக்கிறது. வித்தியாசம் உறுதியில்தான். மெரூன் சேருமா என்று யாரும் கேட்பதில்லை. ஓசிலாரிஸ் ஒரு மணி நேரத்திலும் சேரலாம், ஆறு மாதத்திலும் சேரலாம், சேராமலே கூடப் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், கிளவுன் மீன் அனிமோனைக் கண்டுபிடிப்பதில் வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. முட்டைகள் அனிமோனின் பாதத்தை ஒட்டிய பாறையில் இடப்படுகின்றன. முட்டைக்குள் இருக்கும்போதே அந்த அனிமோன் நீரில் விடும் வேதிப்பொருளின் வாசனை குஞ்சுக்குப் பதிந்துவிடுகிறது. பின்னால் திறந்த கடலிலிருந்து பவளத் திட்டுக்குத் திரும்பும்போது அதே வாசனையைத் தேடிப் போகிறது. பண்ணையில் பெற்றோர் பானையிலோ டைலிலோ முட்டையிடுவார்கள். அருகில் அனிமோன் இருக்காது. எனவே பண்ணைக் குஞ்சுக்கு அந்தப் பதிவு இல்லை. உள்ளுணர்வு இருக்கிறது, ஆனால் வழிகாட்டும் வாசனை நினைவில் இல்லை. தாமதத்துக்கு முக்கியக் காரணம் இதுவே.

அப்படியானால் கடலில் பிடித்த மீனையே வாங்கலாமா? ஓசிலாரிஸ் விஷயத்தில் வேண்டாம். கடலில் பிடித்தவை அனிமோனை விரைவாக அடையாளம் காணும் என்பது உண்மை. ஆனால் அவை புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியோடு வருவது மிக அதிகம். வந்த சில நாளில் கூட்டமாக இறப்பதும் உண்டு. பண்ணை மீன் தீனி தின்னும், தொட்டிக்குப் பழகியிருக்கும், ஆண்டுக்கணக்கில் வாழும். சேர நாலு வாரம் கூடுதலாக ஆனால் ஆகட்டும். பண்ணையில் வரும் கறுப்பு, வெள்ளை, கோடு கலைந்த விதங்கள் எல்லாம் நிற வேறுபாடுகள்தான். அனிமோனோடு சேர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஸ்கங்க், சேடில்பேக் என்ற கிளவுன் வகைகளை உங்கள் அனிமோனுக்காக வாங்காதீர்கள். ஸ்கங்க் மேக்னிஃபிகாவை நாடும், அனிமோன் இல்லாவிட்டால் பயந்து மூலையில் ஒண்டும். சேடில்பேக் மணலில் புதையும் ஹடோனி கார்ப்பெட்டின் மீன். மறுபக்கம், கடையில் மலிவாகக் கிடைக்கும் கான்டிலாக்டிஸ் அட்லாண்டிக் பகுதி அனிமோன். அட்லாண்டிக்கில் கிளவுன் மீனே கிடையாது. அரிதாகச் சில மீன்கள் அதில் போய் உட்காரும், ஆனால் அதை நம்பி வாங்குவது வீண். டியூப் அனிமோன் என்று விற்கப்படுவது உண்மையான அனிமோனே அல்ல. அதன் கொட்டு கிளவுன் மீனையே கொல்லக்கூடியது.

ஆக, 150 லிட்டருக்கு என் பரிந்துரை இரண்டில் ஒன்று. கோபிகள் நிம்மதியாக இருக்க வேண்டும், பொறுமை இருக்கிறது என்றால் பண்ணை ஓசிலாரிஸ் இரண்டு. அனிமோனுக்குள் மீன் இருப்பதுதான் முதல் விருப்பம், தொட்டியில் இனி புது மீன் சேர்க்கப்போவதில்லை என்றால் டொமேட்டோ குஞ்சு இரண்டு. அப்போதும் கோபிகள் ஒளிய அனிமோனுக்கு எதிர்ப்பக்கம் தனிப் பாறைக்குவியல் வேண்டும். ஓசிலாரிஸ் ஒன்று, டொமேட்டோ ஒன்று என்று கலக்கவே கூடாது. இந்த அளவுத் தொட்டியில் இரண்டு கிளவுன் இனங்கள் என்றால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடக் கூடும்.

ஜோடியைப் பொறுத்தவரை ஆண் பெண் தேடி அலைய வேண்டியதில்லை. கிளவுன் குஞ்சுகள் எல்லாமே பால் நிலைப்படாதவை. சேர்ந்து வாழும்போது பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும். ஆண் பெண்ணாக மாறலாம். பெண் திரும்ப ஆணாக முடியாது. இதிலிருந்து வாங்கும் விதி தானாக வருகிறது: ஒரே இனத்தில் இரண்டு குஞ்சுகள், ஒன்று மற்றதைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் பெரியது. ஓசிலாரிஸ் என்றால் 2.5 சென்டிமீட்டரில் ஒன்று, 4 சென்டிமீட்டரில் ஒன்று எடுங்கள். இரண்டும் ஒரே அளவென்றால் யார் பெரியவர் என்ற சண்டை நீளும். தனித்தனியாக வளர்ந்த இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் இரண்டுமே பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஒருபோதும் ஜோடி ஆகாது. மூன்று வாங்கி எது ஜோடியாகிறது என்று பார்க்கலாம் என்பார்கள். இரண்டு ஜோடி சேர்ந்த அன்றிலிருந்து மூன்றாவதற்கு நரகம். அதை எடுத்துப்போட உடனே ஓர் இடம் தயாராக இல்லாவிட்டால் அந்த வழி வேண்டாம்.

கடையில் அவசரப்படாமல் தொட்டி முன் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கூட்டத்தில் ஒரு பெரிய மீன் நெருங்கும்போது சிறியது உடம்பை ஒருக்களித்து, தலை முதல் வால் வரை வலிப்பு வந்ததுபோல் சில விநாடி நடுங்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். "நீ பெரியவள், நான் அடங்குகிறேன்" என்று அந்த மீன் சொல்லும் விதம் அதுதான். அப்படி நடுங்குவதும், அதைப் பார்த்துவிட்டுப் பெரியது விரட்டாமல் பக்கத்திலேயே நிற்பதும் கிடைத்தால் அந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துத் தரச் சொல்லுங்கள். கடையில் ஏற்கெனவே பப்புள் டிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் மீன் இருந்தால் இன்னும் நல்லது. நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். எதிர்காலத்தைச் சொல்ல அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மேக்னிஃபிகாவிலோ கார்ப்பெட்டிலோ உட்கார்ந்திருக்கும் மீன் உங்கள் பப்புள் டிப்பையும் ஏற்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளவுன் மீன் இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்துவதும், ஓரிடத்திலேயே மேலும் கீழும் மிதப்பதும் இயல்பு. தவிர்க்க வேண்டியவை வேறு: மற்ற மீன்களைவிட வேகமாகச் செவுள் அடிப்பது, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்பது, துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கியிருப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது, வெள்ளை நூல்போல் மலம் தொங்குவது. முக்கியமாக, தலையிலும் பக்கங்களிலும் தோல் உரிவதுபோல வெள்ளைச் சளி படிந்திருந்தால் அது புரூக்லினெல்லா. அந்த மீனை மட்டுமல்ல, அந்தத் தொட்டியில் எதையுமே வாங்காதீர்கள். கடைசியாக, கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னாத மீன் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அனிமோன் தொட்டியில் விட மனம் துடிக்கும். பொறுங்கள். நாலு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள்: 40 லிட்டர், ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு பிவிசி குழாய் போதும். காரணம் எளிது. தாமிரம் கலந்த மருந்து அனிமோனைக் கொல்லும். அனிமோன் இருக்கும் தொட்டியில் மீனுக்கு நோய் வந்தால் அங்கே வைத்து மருந்து போட வழியே இல்லை. புரூக்லினெல்லாவுக்கோ தாமிரம் பயன்படாது, ஃபார்மலின் குளியல்தான் வேண்டும். அதைப் பாட்டிலில் உள்ள அளவுப்படி, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், தனி வாளியில் செய்ய வேண்டும்.

அந்த நாலு வாரத்தில் அனிமோனைக் கவனியுங்கள், ஏனெனில் மீன் சேராததற்குப் பாதிக் காரணம் அனிமோன் பக்கம்தான் இருக்கும். நல்ல பப்புள் டிப்பின் வாய் இறுக மூடியிருக்கும், டென்டக்கிள் எனப்படும் விரல்கள் தொட்டால் ஒட்டும், பாதம் பாறையைப் பற்றியிருக்கும், உடம்பில் பழுப்போ பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும். வெளுத்துக் கண்ணாடிபோல் தெரிந்தால் உள்ளே வாழும் பாசியை இழந்துவிட்டது. அழகான வெள்ளை அனிமோன் என்பது பட்டினி கிடக்கும் அனிமோன். கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ ஊதாவோ சாயம் ஏற்றியதாக இருக்கலாம். எப்போதாவது சுருங்கிக் கழிவைத் துப்பிவிட்டு மறுபடி விரிவது சாதாரணம். வாய் பிளந்து குடல் வெளியே தொங்கி, நாற்றம் வந்தால் இறந்துகொண்டிருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அனிமோன் அழுகினால் அம்மோனியா ஏறி எல்லாம் போய்விடும். உப்படர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச். இவை நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பது எண்ணைவிட முக்கியம். பவர்ஹெட் எனும் நீரோட்டப் பம்புக்குக் கட்டாயம் ஸ்பாஞ்ச் உறையோ வலைக்கூண்டோ போடுங்கள். மீன் வந்து உரசும்போது அனிமோன் இடம் மாற நினைக்கலாம். நகரும் அனிமோன் பம்பில் சிக்கிக் கூழாவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கும் விபத்து.

அனிமோனின் விரிந்த அகலம் மீனின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இது துல்லியமான விதி அல்ல, கண்ணால் போடும் கணக்கு. 4 சென்டிமீட்டர் மீனுக்கு 12 சென்டிமீட்டர் அனிமோன். அதைவிடச் சிறியதில் மீன் புரண்டு புரண்டு அதை விரியவே விடாது; ஒளி கிடைக்காமல் அனிமோன் தேயும்.

விடும் நாளில் இரண்டு மீன்களையும் ஒன்றாக, விளக்கு மங்கிய மாலையில் விடுங்கள். நீரோட்டத்தை அரை மணி நேரம் குறைத்துவிட்டு, அனிமோனுக்கு ஒரு சாண் மேலே பையையோ டப்பாவையோ சாய்த்து விடலாம். வலையால் அனிமோனுக்குள் தள்ளாதீர்கள். பழகாத மீனையும் அனிமோன் கொட்டும், பயந்த மீன் அந்த இடத்தையே வெறுக்கும். தானாகப் பழகும் மீன் எப்படிச் செய்யும் என்று பார்த்தால் தெரியும். முதலில் வாலை மட்டும் ஒரு விரல் நுனியில் உரசும். ஒட்டியதும் விருட்டென்று விலகி, சற்றுத் தள்ளி நின்று உடம்பை உதறும். மறுபடி வந்து அடித்துடுப்பைக் கொடுக்கும். பிறகு பக்கவாட்டில் வயிறு. ஒவ்வொரு முறையும் அனிமோன் ஒட்டுவது குறைந்துகொண்டே வரும், ஏனெனில் மீனின் மேலுள்ள சளிப்படலம் மாறிவருகிறது. சில நிமிடத்திலும் முடியலாம், இரண்டு நாளும் ஆகலாம். முடிந்தபின் முகத்தோடு உள்ளே புகுந்து விரல்களுக்கு நடுவே தலைகீழாகக் கூடப் படுக்கும். பல வாரம் அனிமோனைவிட்டுப் பிரித்து வைத்த மீன் இந்தப் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முன்பே சேர்ந்திருந்த மீன்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போகவில்லை என்றால்? முதல் ஒரு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். அதன்பின் மீன் இரவில் எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். ஹீட்டர் மூலை, பவர்ஹெட்டின் பின்புறம், ஹேமர் பவளம், டோட்ஸ்டூல் லெதர் பவளம், சில நேரம் பாசிக்கற்றை என்று ஏதாவதொன்றை வீடாக்கியிருக்கும். அந்த வீட்டைக் கலைப்பதே வேலை: ஹீட்டரைச் சம்ப் எனும் துணைத் தொட்டிக்கு மாற்றுங்கள், சம்ப் இல்லையென்றால் எதிர்மூலைக்கு, பவளத்தைத் தற்காலிகமாக நகர்த்துங்கள். அனிமோனை மட்டும் நகர்த்தாதீர்கள், பாதம் கிழியும். தீனியை தினமும் அனிமோனுக்கு மேலேயே போடுங்கள். அனிமோனுக்கும் வாரம் ஒருமுறை அதன் வாயைவிடச் சிறிய இறால் துண்டு கொடுத்தால் மீன் அதைத் திருடவாவது கிட்டே வரும். அதற்கும் அசையாவிட்டால் துளைகள் உள்ள தெளிவான குஞ்சுப் பெட்டியை அனிமோன் மேல் கவிழ்த்து, மீன்களை அதற்குள் ஓரிரு நாள் வைக்கலாம். பெட்டிக்குள் நீரோட்டம் இருக்க வேண்டும், மீன் அனிமோனிலிருந்து விலகி நிற்கவும் இடம் வேண்டும். கண்ணாடியில் கிளவுன் படம் ஒட்டுவதைப் பலர் சொல்கிறார்கள். கெடுதல் இல்லை, நான் அதில் நம்பிக்கை வைக்க மாட்டேன். இதையெல்லாம் செய்தும் ஓசிலாரிஸ் போகவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். அனிமோன் இல்லாமலும் அது குறைவில்லாமல் வாழும், முட்டையும் இடும். அனிமோனுக்கும் மீன் கட்டாயமில்லை, ஒளியும் நல்ல நீரும் இருந்தால் போதும்.

எதிர்ப் பிரச்சினையும் வரலாம்: சேர்ந்த மீன் அனிமோனை விடாமல் மோதி, அது நாள் முழுக்கச் சுருங்கியே கிடப்பது. டொமேட்டோவிடம் இது சற்று அதிகம். மூன்று நாள் தொடர்ந்து விரியவில்லை என்றால் மீன்களைத் தொட்டிக்குள்ளேயே குஞ்சுப் பெட்டியில் ஒரு வாரம் அடைத்து வையுங்கள். அனிமோன் முழுதாக விரிந்து, விரல்கள் மறுபடி ஒட்ட ஆரம்பித்தபின் சிறிய மீனை முதலில் விடுங்கள், பெரியதை இரண்டு நாள் கழித்து. மறுபடியும் அதேபோல் சுருங்கினால் அந்த மீனுக்கு உங்கள் அனிமோன் சிறியது. அது இன்னும் 5 சென்டிமீட்டர் அகலமாகும்வரை மீன்களையும் அனிமோனையும் தடுப்பு வைத்துப் பிரித்தே வளருங்கள்.